சர்க்கரை அக்காவின் நல்ல நம்பர்கள்

அரசாங்கக் காகிதத்தில் அக்காவின் பதவி 'சமூக நீரிழிவுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்ட மானிய ஒருங்கிணைப்பாளர்'. இதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவனுக்குச் சர்க்கரை ஏறிவிடும் என்று அவருடைய தம்பி கிண்டல் செய்வார். எங்கள் தெருவுக்கு அவர் வெறும் சர்க்கரை அக்கா. அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. தெருவின் சர்க்கரையை எல்லாம் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டதால் வந்த பெயர் அது.

அவருடைய ஆபீஸ் அறைக்குக் கீழே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் சர்க்கரை இல்லை, கோபம்தான் உண்டு. மெஷின் சூடாவதற்கு முன்னால் நான் சூடாகிவிடுவேன் என்பாள் என் மனைவி. அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவைப் பற்றி ஆறிப்போன மனதோடு பேச எனக்கு வராது.

அக்கா முதலில் ஒரு துணி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ஆலையை மூடினார்கள். அதற்கு அடுத்த வருஷம் கணவர் போனார். காலில் ஒரு கொப்புளம், அதைச் செருப்புக் கடி என்று நினைத்துக்கொண்டு அவர் தெருத்தெருவாக அலைந்தார். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, கடைசியில் அவரையே எடுத்துக்கொண்டது அந்தச் சர்க்கரை நோய். பிள்ளைகள் இல்லை. அக்காவுக்கென்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு தம்பி. ஒரு கிடங்கில் இரவுக் காவல். அக்கா 'டேய் தம்பி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவில் அவரைவிடச் சின்னவர்கள்கூட அவரைத் தம்பி என்றே கூப்பிட்டார்கள். எனக்கு அவர் சிநேகிதர்.

எங்கள் பகுதிச் சங்கத்துக்கு அரசு மானியம் கிடைத்தபோது, கணக்குத் தெரிந்தவர் வேண்டும் என்று செயலாளர் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா கணக்கு எழுதப் போனார், கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்கள் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்ப்பார். நர்ஸ் ஒருத்தி இருந்தாள், அவள் செய்ய வேண்டிய வேலைதான். "அவ ஊசி குத்தட்டும், நான் காலைப் பாத்துக்குறேன்" என்பார்.

மாடி ஏற இரும்புப் படி. முழங்கால் வலிக்காரர்கள் அதில் ஏறும்போது போடும் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மேலே இரண்டு மேசை, எடை பார்க்கும் கருவி, வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாதவர்களின் இன்சுலின் குப்பிகளை வைக்க ஒரு பழைய ஃபிரிட்ஜ். சுவரில் அக்கா தன் கையால் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய ஓர் அட்டை. சர்க்கரை கூடினால் மெல்லக் கொல்லும், குறைந்தால் உடனே கொல்லும் என்று தலைப்பு. அதன் கீழே குறைந்தால் என்ன ஆகும் என்று: வியர்வை, நடுக்கம், உளறல், எழுப்பினாலும் எழாத தூக்கம். உடனே வாயில் சர்க்கரை போடு. வருகிறவர்களை எல்லாம் அதை வாய்விட்டுப் படிக்க வைப்பார். படிக்கத் தெரியாதவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

மானியத்தை நடத்துவது என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, எதிரிக்குக்கூட அந்த வேலை வேண்டாம் என்று தோன்றியது. விழிப்புணர்வுக்கு வந்த பணத்தைப் பரிசோதனைக்குத் தொடக்கூடாது. பரிசோதனைப் பணத்தை மாத்திரைக்குத் தொடக்கூடாது. விழிப்புணர்வுக்குப் பணம் கொட்டிக் கிடந்தது, தெரு முழுக்கப் பேனர் கட்டலாம். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப்தான் பாதி மாதத்திலேயே தீர்ந்துபோகும். கூட்டம் நடந்தால் பேனரோடு போட்டோ வேண்டும். பேனர் இல்லாமல் நடந்த கூட்டம் நடக்காத கூட்டம். ஒருமுறை காற்றில் பேனர் கிழிந்துபோக, அக்கா எல்லோரையும் மறுநாள் மறுபடி வரவைத்து, அதே இடத்தில் உட்காரவைத்து, முந்தின நாள் பேசியதை எல்லாம் மறுபடி பேசினார். தம்பி எழுந்து நின்று, "நேத்து சிரிச்ச இடத்துல இன்னைக்கும் சிரிக்கணுமாக்கா?" என்று கேட்டார். அக்காவே சிரித்துவிட்டார்.

தம்பிக்குச் சர்க்கரை இருந்தது. இரவெல்லாம் விழிப்பு, காலையில் தூக்கம், நேரம் கெட்ட நேரத்தில் சாப்பாடு, வராமல் என்ன செய்யும்? ஒழுங்காக மாத்திரை போடமாட்டார். டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டு, "அக்காவுக்கு வேலை வேணுமில்ல?" என்பார். அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஆனால் மேலே வந்து தம்பி காலை நீட்டியதும், அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பேசாமல் இருக்கும் நேரத்தை நான் பார்த்திருக்கிறேன். புருஷனின் காலைப் பறிகொடுத்தவர். அந்தப் பயம் எப்போதும் போகவில்லை.

இரண்டாம் வருஷம் முடிகிற சமயத்தில் செய்தி வந்தது. மேலதிகாரி நேரில் வருவார். பதிவு செய்தவர்களை அவர் முன்னாலேயே விரலில் குத்திப் பார்ப்பார்கள். அந்த நம்பரைப் பொறுத்துத்தான் மானியம் தொடருமா நிற்குமா என்பது முடிவாகும். நின்றால் அறை போச்சு, மாத்திரை போச்சு, ஃபிரிட்ஜும் போச்சு. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் தாள் கொடுக்கப் போனவன் கதவோரம் நின்று கேட்டேன்.

"நம்ம நம்பர் நல்லா இருந்தாத்தான் இந்த ரூம் நிலைக்கும். இருக்கிற நாள்லயாவது வாயைக் கட்டுங்க. என் மானம் உங்க கையிலதான் இருக்கு."

நல்ல மனதோடு சொன்னதுதான். நம்பர் நல்லா இருந்தால் பணம் வரும் என்று அவரும்தான் நம்பினார். யார்தான் வேறுவிதமாக நினைப்பார்கள்? பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் மேல் வகுப்புக்குப் போகலாம், அவ்வளவுதானே எங்களுக்குத் தெரிந்த உலகம்.

அதிகாரி வரும் நாள் அக்கா விடிவதற்கு முன்பே வந்து அறையைக் கழுவியிருந்தார். படியைக்கூடத் துடைத்திருந்தார். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். இரும்புக் கடைக்காரர், தையல்காரம்மா, பேருந்து நிலையத்தில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், எல்லோரும் குளித்துத் துவைத்த துணி போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்ததுபோல். முகம் மட்டும் எல்லோருக்கும் வாடியிருந்தது. பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். தம்பியை மட்டும் காணவில்லை.

அதிகாரியின் வண்டி தெருமுனையில் திரும்பும்போது அக்காவின் போன் அடித்தது. தம்பி மனைவி. அந்த அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் குரல் கேட்கும், அதனால் தாள் கொடுக்க மேலே போயிருந்த நானும் கேட்டேன்.

"அண்ணி, டியூட்டி முடிஞ்சு வந்து படுத்தவரு, ஆபீசர் வர்ற நேரத்துக்கு எழுப்புன்னு சொன்னாரு. எழுப்புறேன், எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு. ஏதோ உளறுறாரு."

"தூங்கட்டும் விடும்மா. இங்க வந்தாலும் ஆபீசர் முன்னாடி ஏதாவது நக்கல் பண்ணி வைப்பான். நான் அப்புறம் வந்து அவனைப் பாத்துக்குறேன்."

போனை வைத்துவிட்டு அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு படிப்பக்கம் ஓடினார். அட்டை அவருக்குப் பின்னால் சுவரில் இருந்தது. வியர்க்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்! ஊரிலேயே அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அவர். எல்லோருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்த வாய் அது. ஆனால் அதிகாரி படியேறிக்கொண்டிருந்தார், வரவேற்கவேண்டும். தம்பி எப்போதும் காலையில் தூங்குகிறவர்தானே. அக்கா இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இதை அக்காவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவர் காதில் ஏறவில்லை.

அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். நாற்காலியில் தூசி தட்டாமல் உட்கார்ந்தார், அதுவே எனக்குப் பிடித்தது. நர்ஸ் ஒவ்வொரு விரலாகக் குத்தினாள். நம்பரைச் சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. வழக்கமாக முந்நூறுக்கு மேல் போகும் இரும்புக் கடைக்காரருக்கு நூற்றுச் சொச்சம். பூட்டுக்காரருக்கு அதைவிடக் குறைவு. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து ரகசியமாகச் சிரித்துக்கொண்டார்கள். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷ உழைப்பு ஒரு காலையில் பலித்ததாக நினைத்தார். அதிகாரி எழுந்து கைகூப்பி, "வேற எங்கயும் இப்படிப் பாத்ததில்லம்மா" என்றார்.

அவர் வண்டி ஏறிப் போன பிறகு, தம்பியிடம் முதலில் சொல்லவேண்டும் என்று அக்கா கிளம்பினார். வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டில் மிச்சத்தைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டார், அன்றைக்கு ஒருநாள் தின்னட்டும் என்று. நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன்.

தம்பி பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். சட்டை தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் நனைந்திருந்தது, தலையணையும்தான். அக்கா வாசலிலேயே புரிந்துகொண்டார். அவர் அலறிய சத்தத்தை என்னால் என் காதிலிருந்து கழற்ற முடியாது. ஓடிப்போய்ச் சர்க்கரையை அள்ளி அவர் வாயில் போட்டார். அது கடைவாய் வழியாக அப்படியே வழிந்தது.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்த நர்ஸ், கருவி கெட்டுவிட்டதோ என்று வேறொன்றை எடுத்துவந்தாள். அவ்வளவு குறைவு. குளுக்கோஸ் ஏற்றினார்கள். நம்பர் ஏறியது, தம்பி கண் திறக்கவில்லை. மூளைக்குச் சர்க்கரை போகாமல் ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். "எப்பலேர்ந்து இப்படி இருக்காரு? ஏன் உடனே கொண்டுவரல?" என்று தம்பி மனைவியைக் கேட்டார்.

"தூங்கட்டும் விடுன்னு அண்ணி சொன்னாங்க சார். அவங்களுக்கு இதெல்லாம் தெரியும்னுதான் விட்டேன்."

பழிபோட்டு அவள் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் இரும்புக் கடைக்காரர் வந்தார். அத்தனை பெரிய உடம்பு, வராண்டாவில் நின்று சின்னப் பிள்ளைபோல் அழுதது.

"தம்பிதான் சொன்னாருக்கா. ராத்திரி யாரும் சாப்பிடாதீங்க, மாத்திரையை ரெண்டாப் போடுங்க, காலைல பச்சைத் தண்ணியோட வாங்க, நம்பர் சும்மா ஜம்முன்னு வரும்னாரு. நீங்க இவ்வளவு நாள் எங்களுக்காக ஓடுனீங்க, ஒருநாள் நாங்க ஓடக்கூடாதான்னு கேட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சாத் திட்டுவீங்கன்னு யாரும் சொல்லல."

வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார் மனுஷன். தனக்குச் சர்க்கரை ரொம்ப அதிகம் என்று தெரியும், அதனால் தனக்கு மட்டும் இன்னும் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். வெறும் வயிற்றோடு ராத்திரி முழுக்கக் கிடங்கைச் சுற்றி நடந்திருக்கிறார். வாழ்நாளில் ஒழுங்காக மாத்திரை போடாதவர், அக்காவின் மானத்துக்காக ஒரே ஒருநாள் போட்டார். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. முட்டாள்! என் கையில் கிடைத்தால் அறைந்துவிட்டுக் கட்டிக்கொள்வேன்.

கண் திறக்காமலே தம்பி போய்விட்டார்.

அழுது முடிப்பதற்குள் அதிகாரி மறுபடி வந்தார், முடிவைச் சொல்ல. துக்கம் கேள்விப்பட்டு, அறை வாசலில் தயங்கித் தயங்கித்தான் வந்தார். செயலாளரும் இருந்தார். அக்கா ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்திருந்த தாள்களை எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன்.

"உங்க பகுதி முழுக்கக் கட்டுப்பாட்டுக்கு வந்துடுச்சும்மா. இப்படி வந்த இடத்துல திட்டத்தை முடிச்சுட்டு, மோசமா இருக்கிற இடத்துக்கு மாத்துறதுதான் விதி. இது உங்களுக்குப் பெருமைதான்."

அவர் சொன்னது எனக்கே மண்டையில் ஏற நேரம் பிடித்தது. நம்பர் மோசமாக இருந்திருந்தால் பணம் தொடர்ந்திருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் போதும். தம்பி மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீயைக் குடித்துவிட்டு வந்து நின்றிருந்தாலே போதும்.

"அந்த நம்பர் பொய் சார்" என்றார் அக்கா.

செயலாளர் பதறி, "அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றார். அக்கா நிற்கவில்லை. பட்டினி கிடந்ததை, மாத்திரையை, தம்பியை, எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"நான் இதைக் கேக்காத மாதிரி இருந்துடுறேன்மா. பொய்னு எழுதினா மோசடின்னு எழுதணும். அப்புறம் உங்க சங்கத்துக்கு ஜென்மத்துக்கும் எதுவும் வராது. மாத்திரையை ரெண்டாப் போடச் சொன்னது யாருன்னு விசாரணை வரும். செத்துப்போனவரு பேரு வரும், பொறுப்புல இருந்த உங்க பேரு வரும்."

"எதை எழுதினா சார் இந்த ரூம் திறந்திருக்கும்?"

"எதை எழுதினாலும் இல்லம்மா."

கெட்ட ஆள் ஒருவர் கிடைத்திருந்தால் நான் கத்தித் தீர்த்திருப்பேன். அவரோ அக்காவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார். யாரைத் திட்டுவது?

எல்லோரையும் கூப்பிட்டு அக்காதான் சொன்னார். தன் வாயால்தான் சொல்லவேண்டும் என்று பிடிவாதம். கேட்டவர்களுக்கு விளங்கவே இல்லை. "நல்ல நம்பர்தானேக்கா வந்துச்சு?" என்று பூட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். தையல்காரம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின் குப்பிகளை நனைத்த துணியில் சுற்றி ஆளாளுக்கு வாங்கிப் போனார்கள். இனி அதை எங்கே வைப்பது, அது எத்தனை நாள் தாங்கும், தீர்ந்தால் எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அக்கா உடைந்துவிடுவார் என்று பயந்தார்கள். நர்ஸுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அவர் தேடவும் இல்லை.

அறைச் சாவியை ஒப்படைத்த அன்று மத்தியானம், "தம்பி வீட்டுவரைக்கும் கொண்டு விடுறியா?" என்று என்னைக் கேட்டார். என் வண்டியில் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது, "நான்தான் கொன்னேன்னு அவகிட்ட இன்னைக்குச் சொல்லிடப் போறேன். திட்டம் போனதையும் சொல்லணும். அவளாவது என்னை ரெண்டு திட்டுத் திட்டட்டும்" என்றார். வேண்டாம் என்றேன். எனக்கென்ன தெரியும்.

தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் யாரும் திட்டம் மூடிய செய்தியை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல யாருக்கு மனசு வரும்? அக்காவைப் பார்த்ததும் எழுந்து, கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவரு செஞ்சதுல உங்க ரூம் நிலைச்சுதா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நிலைச்சுதும்மா" என்றார் அக்கா.

அவள் முகம் அத்தனை நாளில் முதல்தடவையாகக் கொஞ்சம் தளர்ந்தது. "அது போதும் அண்ணி. ஆளு வீணாப் போகல" என்றாள். மடித்த துணியை ஓரமாக வைத்தாள். "ரொம்ப நாளா எனக்கும் தலை சுத்துது, தாகமா அடிக்குது. பாத்துக்க, பாத்துக்கன்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நாளைக்குக் காலைல வர்றேன். எனக்கும் ஒருதடவை விரல்ல குத்திப் பாருங்க அண்ணி."

"வாம்மா" என்றார் அக்கா.